கூப்பிடு தூரத்தில் ஒரு சாமி

ஐந்து வயது வரைக்கும் எனக்கு இடுப்பைத் தொடும் முடி இருந்தது. இதைச் சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. என் முன்நெற்றியைப் பார்த்துவிட்டு, "சும்மா கதை விடாத" என்கிறார்கள். அதற்காகவே ஒரு போட்டோவைச் செல்போனில் வைத்திருக்கிறேன். இரட்டைச் சடை, சிவப்பு ரிப்பன், கீழே அரைக்கால் டவுசர், முகத்தில் ஊரையே கடித்துவிடுகிற கோபம். கும்மிடிப்பூண்டி பஸ்ஸில் கண்டக்டர்கள் என்னைப் பார்த்து, "பாப்பாவ மடியில வெச்சிக்கம்மா" என்பார்கள். நான் டவுசரைக் கழற்றி உண்மையை நிலைநாட்டப் போவேன். அம்மா என் கையில் ஒன்று வைப்பாள்.

எல்லாவற்றுக்கும் காரணம் எங்கள் குலசாமி. பிள்ளைக்கு முதல் மொட்டையைக் குலசாமி முன்னால், தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் போட வேண்டும். அதுவரைக்கும் தலையில் கத்தரி படக்கூடாது. இது எல்லார் வீட்டிலும் இருக்கிற வழக்கம்தான். எங்கள் வீட்டுச் சிக்கல் வேறு. எங்கள் குலசாமி எங்கே இருக்கிறது என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

அப்பாவின் தாத்தா காலத்தில் எங்கிருந்தோ புறப்பட்டு வந்தவர்கள் நாங்கள். ஊர் ஊராக அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டு, களை பறித்து, கதிர் அறுத்து, கடைசியில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் வந்து ஒதுங்கியவர்கள். அப்பா தலைமுறையில் வயல் போய்க் கம்பெனி வந்தது. இரும்புக் கம்பி உருட்டுகிற ஆலையில் அப்பாவுக்கு வேலை. நெருப்பாகப் பாய்ந்து வருகிற கம்பியை இடுக்கியால் பிடித்துத் திருப்பிவிட வேண்டும். இத்தனை இடம் மாறியதில் பானை சட்டி எல்லாம் வந்து சேர்ந்தது, சாமி மட்டும் வழியில் எங்கோ நின்றுவிட்டது.

மிஞ்சியது ஒரே ஒரு அடையாளம். அதைப் பெரியப்பா, அதாவது அப்பாவின் அண்ணன், மனப்பாடமாக வைத்திருந்தார். பேர் பொன்னியம்மா. முதுகுக்குப் பின்னால் மலை. முகத்துக்கு எதிரே ஆறு, கூப்பிடு தூரம். அவ்வளவுதான். திருவள்ளூர் மாவட்டத்தில் பொன்னியம்மாவைத் தேடுவது இருக்கிறதே, கல்யாண மண்டபத்தில் பட்டுப்புடவை கட்டிய அத்தையைத் தேடுகிற மாதிரி. ஊருக்கு ஒருத்தி இருக்கிறாள்.

மொட்டையை ஒற்றைப்படை வயதில்தான் போடுவார்கள். ஒரு வயதில் போடலாம் என்றபோது அப்பாவின் ஆலையில் கதவடைப்பு. மூன்று வயதில் உறவில் ஒரு சாவு, தீட்டு. இது ஐந்து. விட்டால் ஏழு வரைக்கும் சடைதான். அந்த வருடம் ஜூன் மாதம் என்னைப் பெரிய பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பில் சேர்ப்பதாக இருந்தது. சேர்க்கப் போனபோது தலைமை ஆசிரியை என் சடையைப் பார்த்தார், டவுசரைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். பையன் என்றால் முடியை வெட்டிக்கொண்டு வரட்டும், இல்லாவிட்டால் இடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டார். அந்த இடத்துக்காக அம்மா இரண்டு வருடமாக அலைந்திருந்தாள். வீட்டுக்கு வந்ததும் பாத்திரமெல்லாம் பேச ஆரம்பித்தது.

"பெரியபாளையத்துல போட்டுக்கினு வந்துர்லாம். குலசாமி தெரியாதவங்க எல்லாம் அங்கதான போறாங்க? அந்த ஆத்தா இன்னா, வேணாம்னா சொல்லப் போறா?" என்றாள் அம்மா.

எனக்கு அந்த யோசனை மிகவும் பிடித்திருந்தது. பெரியபாளையத்தில் பொரியும் பலூனும் கிடைக்கும். ஆனால் பெரியப்பா ஒரே பிடியாக நின்றார்.

"கண்டவங்க காலுல தலைய வெச்சிட்டு வந்தா நம்மாத்தா இன்னா நெனைப்பா? இத்தினி வருசமா தேடி வராத பசங்க, இப்ப முடியயும் வேற எங்கியோ குட்த்துட்டானுங்கன்னு நெனைக்க மாட்டா?"

அப்பா அண்ணன் பேச்சைத் தட்டமாட்டார். பெண்டாட்டி பேச்சையும் தட்டமாட்டார். இப்படிப்பட்டவர்கள் பொதுவாக வீட்டை விட்டு வெளியே போய்விடுவார்கள். அப்பாவும் அதைத்தான் செய்தார். அந்தக் கோடையில் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் விடிந்தும் விடியாததுமாகப் பைக்கை எடுத்துக்கொண்டு சாமி தேடக் கிளம்பினார். பின்னால் மாமா, நடுவில் சடையோடு நான்.

மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவின் தம்பி. அப்போது கல்யாணம் ஆகவில்லை. கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றுகிற வேன் ஓட்டினார். ஓயாமல் ஹாரன் அடித்து அடித்து ஒரு காது மந்தம். என் மொட்டைக்கு மடி கொடுக்க வேண்டியவர் அவர்தான் என்பதால், என்னைவிட அவருக்குத்தான் அவசரம். எனக்கு மொட்டை போட்டுவிட்டால் தனக்குப் பெண் கிடைத்துவிடும் என்று யாரோ அவருக்கு ஜோசியம் சொல்லியிருந்தார்கள். எனக்கு வேறொரு வியாதி. எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்ட புதுசு. கடைப்பலகை, லாரி முதுகு, மருந்துச்சீட்டு, எதைப் பார்த்தாலும் வாய்விட்டுப் படிப்பேன். பைக்கில் போகும்போதெல்லாம் நடுவிலிருந்து கத்திக்கொண்டே வருவேன். மாமா தன் மந்தக் காதை என் பக்கம் திருப்பி வைத்துக்கொள்வார்.

முதலில் ஊத்துக்கோட்டைச் சாலையில் இரண்டு பக்கமும் இருக்கிற பொன்னியம்மன்களைப் பார்த்தோம். ஒருத்திக்குப் பின்னால் மலை இல்லை, செங்கல் சூளை இருந்தது. ஒருத்திக்கு எதிரே ஆறு இருந்தது, ஆனால் அவள் ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "திருப்பி உக்கார வெச்சிருப்பாங்க மாமா" என்று அப்பாவிடம் மாமா சொல்லிப் பார்த்தார். அப்பா வண்டியை எடுத்தார்.

அப்புறம் யாரோ சொன்னார்கள் என்று குடியத்துக்குப் போனோம். ஊர் எல்லையில் பைக்கை விட்டுவிட்டு மலைக்குகைக்கு நடக்க வேண்டும். இருபுறமும் முட்புதர், காலுக்குக் கீழே முட்டை முட்டையாகக் கூழாங்கல். ஆறே இல்லாத இடத்தில் இத்தனை கூழாங்கல் எப்படி வந்தது என்று அப்பா நடந்துகொண்டே கேட்டார். மாமா, "லாரில கொட்டியிருப்பாங்க" என்றார். என் சடை ஒரு கள்ளிச்செடியில் மாட்டி, பிய்த்து எடுப்பதற்குள் உயிர் போய்விட்டது. நான் அழுதேன். அப்பா என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டார். தோளிலிருந்து பார்த்தால் காடு முழுக்கத் தெரிந்தது. புதருக்குள் மயில் ஒன்று தோகையை இழுத்துக்கொண்டு ஓடியது. எனக்கு அழுகை நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை என்றால் இனி எப்போதும் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

குகை என்றால் நான் ஏதோ பொந்து என்று நினைத்திருந்தேன். அடேயப்பா! எங்கள் தெருவையே உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிடலாம். மலை மேலே கவிந்து நிற்கிறது. விளிம்பு முழுக்கத் தேனடை தொங்குகிறது. அடியில் ஒரு சின்ன சாமி, மஞ்சளும் குங்குமமுமாக. மாமாவுக்குக் கண்ணெல்லாம் மின்னியது. "இதான் மாமா! முதுகுக்குப் பின்னால மலை. இத வுட இன்னா மலை வோணும்?"

"ஆறு எங்கடா?" என்றார் அப்பா.

அங்கே நகரத்திலிருந்து சிலர் வந்திருந்தார்கள். தொப்பி போட்ட ஒரு அக்கா அவர்களுக்குக் கீழே கிடந்த கல் ஒன்றைக் காட்டி, பல லட்சம் வருடத்துக்கு முன்னால் இந்தப் பக்கம் இருந்த மனிதர்கள் கையால் செதுக்கிய கல் இது என்று விளக்கிக்கொண்டிருந்தார். மாமா கூட்டத்தில் புகுந்து கவனமாகக் கேட்டார். கடைசியில் கையைத் தூக்கினார்.

"அப்ப அவங்களுக்கு எதுங்க குலசாமி?"

எல்லாரும் சிரித்தார்கள். அந்த அக்கா மட்டும் சிரிக்காமல் கொஞ்ச நேரம் யோசித்தார். "தெரியலையேங்க. நல்ல கேள்வி" என்றார். அந்த 'நல்ல கேள்வி'யை மாமா அதற்கப்புறம் பத்து வருடம் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

இறங்கி வரும்போது விறகுக்கட்டோடு ஒரு அம்மா எதிரே வந்தார். என் தலையைப் பார்த்ததும் கட்டை இறக்கி வைத்துவிட்டார். "இன்னா நைனா, கொயந்தைக்கு மொட்டையா?" என்று அப்பாவைக் கேட்டார். அப்பா அந்த மலையையும் ஆற்றையும் கூப்பிடு தூரத்தையும் அவரிடமும் ஒப்பித்தார். அந்த அம்மா ஏரி இருக்கிற திசையைக் காட்டினார்.

"அது ஏரிக்குள்ள பூட்ச்சி நைனா. பூண்டி ஏரி கட்டச்சொல்ல உள்ள இருந்த ஊருங்கள காலி பண்ணிட்டாங்கன்னு எங்க மாமியார் சொல்லும். ஆத்த ஒட்டி, மலைக்கு இப்பால இருந்த ஊருன்னா அதான். நீங்க வெளிய தேடிக்கினு கீறீங்க."

அப்பா அப்படியே நின்றுவிட்டார். திரும்பி வரும் வழியெல்லாம் நான் மட்டும் வழக்கம்போல லாரி முதுகுகளைப் படித்துக்கொண்டு வந்தேன்.

அன்றைக்கு வீட்டில் அம்மா சண்டை போடவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது. "தண்ணிக்குள்ள போன சாமிக்கு எங்க போயி மொட்டை போட்றது?" என்று மட்டும் கேட்டாள். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். ஊரே தெரியாமல் இருந்ததுகூட அவருக்குப் பழகிப் போயிருந்தது. தெரிந்தபோது அது இல்லை என்பதைத்தான் தாங்க முடியவில்லை என்று பிற்பாடு ஒருமுறை என்னிடம் சொன்னார்.

மாமாதான் நடு வாரத்தில் ஓடி வந்தார். திருவள்ளூர்ப் பக்கம் சவாரி போனவர் ஏரியை எட்டிப் பார்த்துவிட்டு வந்திருந்தார். "யக்கா! ஏரில தண்ணியே இல்ல! நடு ஏரில மாடு மேயுது!" அந்த வருடம் மழை பொய்த்ததில் ஊரே தண்ணீருக்கு அல்லாடிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் மட்டும் ஒரு குடம் தண்ணீருக்கு அடித்துக்கொண்டே, ஏரி வற்றியதற்குச் சந்தோஷப்பட்டோம்.

அடுத்த ஞாயிறு மாமாவின் வேனிலேயே அம்மாவும் சேர்ந்து நாலு பேரும் போனோம். ஏரிக்கரையில் ஒரு பழைய சிவன் கோயில் இருக்கிறது. முன்பு உள்ளே இருந்த ஊரில் இருந்த கோயில், ஏரி கட்டியபோது மேலே கொண்டுவந்து வைத்தார்கள் என்று குருக்கள் சொன்னார். அப்பா ஆசையாக, "அங்கயே பொன்னியம்மான்னு ஒண்ணு இருந்ததுங்களா சாமி?" என்று கேட்டார். அவர் நல்ல மனிதர், யோசித்துப் பார்த்தார். "ஊருக்கு வெளியில, கழனி ஓரம் இருந்திருக்கும். அதெல்லாம் எடுத்துண்டு வந்ததா தெரியலையே" என்றார். பெரிய சாமிக்கு வண்டி வந்திருக்கிறது, எங்கள் சாமிக்கு வரவில்லை, அவ்வளவுதானே என்று நான் நினைத்துக்கொண்டேன். அப்பா கோயிலை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். கும்பிட்டார். பிறகு கரையிலிருந்து ஏரிக்குள் இறங்கினார்.

ஏரிக்குள் நடந்தது எனக்கு இன்றைக்கும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. தரை பாளம் பாளமாக வெடித்திருந்தது. காலை வைத்தால் கிளிஞ்சல் நொறுங்கியது. தூரத்தில் மிச்சமிருந்த குட்டையில் நாரைகள் வரிசையாக நின்றன. யாரோ வெள்ளரி போட்டிருந்தார்கள். நடுநடுவே தரையோடு தரையாக ஒரு செங்கல் வரிசை தெரியும், ஒரு கிணற்றின் வாய் தெரியும். அப்பா ஒவ்வொன்றின் பக்கத்திலும் நின்று நின்று வந்தார். வாசல் இருந்திருக்கக் கூடிய பக்கமாகச் சுற்றிக்கொண்டுதான் போனார், யார் வீட்டுச் சுவரையும் மிதிக்கவில்லை.

மலை தெரிந்தது. ஆறு போன தடமும் ஒரு பள்ளமாகத் தெரிந்தது. மீதி கூப்பிடு தூரம்தான். அதை எப்படி அளப்பது? மாமா துண்டை எடுத்துக்கொண்டு ஆற்றுப் பள்ளத்தில் போய் நின்றார். அப்பா மலைப்பக்கமாகக் கொஞ்சம் நடந்துவிட்டுத் திரும்பிக் கூப்பிடுவார். காதில் விழுந்தால் மாமா துண்டைத் தூக்கிக் காட்டுவார். விழாத இடம் வந்தால் அதுதான் எல்லை.

"மச்சா...ன்!" என்றார் அப்பா. துண்டு எழுந்தது.

இன்னும் தள்ளிப் போனோம். "மச்சா...ன்!" துண்டு எழுந்தது. வெள்ளரிக்கொல்லையைத் தாண்டினோம். துண்டு எழுந்தது. அப்பாவின் தொண்டை அப்படி. ஆலையில் எந்திரச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பழகிய தொண்டை. நாரைகள் பறந்து போய் வேறு குட்டையில் உட்கார்ந்தன. மாடு மேய்த்தவர்கள், யாரையோ காணோம் என்று தேடுகிறார்கள் போல என்று எழுந்து நின்று பார்த்தார்கள். அம்மாவுக்குக் கால் வலி, வெயில், எரிச்சல்.

"உங்க தொண்டைக்குப் பாத்தா சாமி மலை உச்சிலதான் இருக்கணும்! அந்தக் காலத்து ஆளுங்க இப்டியா கத்துவாங்க? அவங்க இன்னா கம்பியா உருட்டுனாங்க?"

அம்மா கேட்டதில் முழு நியாயம் இருந்தது. ஆனால் மாமாவின் காது மந்தம், அதனால் அதுவும் இதுவும் சரியாகிவிடும் என்று அப்பா சொன்னார். அதிலும் நியாயம் இருந்தது. இந்தக் கணக்கைப் போட எங்கள் வீட்டாரால் மட்டும்தான் முடியும். ஒருவழியாகத் துண்டு எழாத இடம் வந்தது. "நான் உக்காந்துட்டேன்ப்பா, இனிமே என்னால ஆவாது" என்று அம்மா அங்கே கிடந்த ஒரு கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

அப்பா அம்மாவைப் பார்த்தார். மலையைப் பார்த்தார். ஆற்றைப் பார்த்தார். அம்மாவின் முதுகுக்குப் பின்னால் மலை, முகத்துக்கு எதிரே ஆறு.

"எழுந்திரு!" என்றார். "எழுந்திருடி! கல்லப் பாரு!"

முழங்கால் உயரத்துக்கு ஒரு கல். கையால் செதுக்கிய கல், தலை மட்டும் வளைவாக. பாதிக்குமேல் காய்ந்த சேற்றில் புதைந்திருந்தது. அம்மா அலறிக்கொண்டு எழுந்து படபடவென்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஐயோ ஆத்தா, தெரியாம உக்காந்துட்டேன் ஆத்தா!" துண்டைத் தூக்காமலே நின்றிருந்த மாமா என்னமோ ஏதோ என்று ஓடி வந்தார். அப்பா கீழே உட்கார்ந்து இரண்டு கையாலும் கல்லைச் சுற்றியிருந்த மண்ணைத் தட்டிவிட்டார். அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒரு முகம். பெரியப்பாவுக்குப் போன் போட்டு, "அண்ணே, ஆத்தா கீறா" என்று மட்டும் சொன்னார். அந்தப் பக்கம் பெரியப்பா சத்தம் போட்டு அழுதது எனக்கே கேட்டது.

அதற்கு அடுத்த ஞாயிறே மொட்டை. பெரியப்பா முழங்கால் வலியில் வர முடியவில்லை. மாமா எங்கள் தெரு சலூன்காரரை வேனில் ஏற்றிக்கொண்டு வந்தார். அப்பா ஆலையில் கழித்துப் போட்ட கம்பியை வாங்கி, வெல்டிங் செய்கிற நண்பரைப் பிடித்து என் உயரத்துக்கு ஒரு சூலம் செய்திருந்தார். கல்லுக்குப் பக்கத்தில் அதை ஆழமாக நட்டார். அம்மா பொங்கல் வைத்தாள். கல்லைச் சுற்றிப் பள்ளம் தோண்டி, குடம் குடமாகக் கொண்டுவந்த தண்ணீரை ஊற்றிக் கழுவி, தெரிந்த இடத்துக்கெல்லாம் மஞ்சள் பூசினார்கள். மாமா புது வேட்டி கட்டி உட்கார்ந்தார். அவர் மடியில் நான்.

தலையைக் குனிய வைத்தார்கள். குளிர்ந்த தண்ணீர், கத்தி, கொத்துக் கொத்தாக மடியில் விழுகிற என் முடி. பாதித் தலை வழித்தாகிவிட்டது. குனிந்த கண்ணுக்கு நேராகக் கல்லின் அடிப்பாகம் இருந்தது. ஊற்றிய தண்ணீரில் கடைசிச் சேறும் கரைந்து வழிய, அங்கே ஏதோ செதுக்கியிருந்தது. எழுத்தைப் பார்த்தால் நான் சும்மா இருப்பேனா?

"எம்மு!" என்று கத்தினேன். "நாலு!"

கத்தி நின்றது. சலூன்காரர் எட்டிப் பார்த்தார்.

"இன்னாங்க இது, கவருமெண்ட்டு கல்லு மாரி கீதே? ஏரி அளக்கச்சொல்ல நட்டு வெச்ச கல்லுங்க இது. எங்கூர்லயும் ஒண்ணு கீது."

பாதி மொட்டையும் பாதிச் சடையுமாக நான் எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். மாமா அவசரமாக என் காதில், "பொன்னியம்மால எம்மு வர்தில்ல? அதாண்டா இது. கம்முனு கெட" என்றார். அம்மா பொங்கல் கரண்டியோடு அப்பாவைப் பார்த்தாள். அவள் கண் கெஞ்சியது. பள்ளிக்கூடம் திறக்க இன்னும் சில நாள்தான் இருந்தது.

அப்பா நீண்ட நேரம் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்பி ஆற்றுத் தடத்தைப் பார்த்தார். குனிந்து கிண்ணத்திலிருந்து மஞ்சளை அள்ளி, அந்த எழுத்தின்மேல் தன் கையாலேயே பூசினார். ஒரு பிள்ளைக்கு முகம் கழுவிவிடுவது போல மெதுவாகப் பூசினார்.

"நிறுத்தாதீங்க. வழிங்க" என்றார்.

அவ்வளவுதான். மொட்டை முடிந்தது, சந்தனம் பூசினார்கள், எல்லாரும் விழுந்து கும்பிட்டார்கள். காது குத்துவதை மட்டும் கும்மிடிப்பூண்டி நகைக்கடையில் முடித்துவிட்டார்கள். காது விஷயத்தில் சாமி அவ்வளவு கண்டிப்பு இல்லையாம். ஜூன் மாதம் சந்தன மொட்டையோடு நான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தேன். தலைமை ஆசிரியைக்கு என்னை அடையாளமே தெரியவில்லை. மழைக்காலத்தில் ஏரி நிரம்பியது என்று மாமா வந்து சொன்னார். ஆத்தா முழுகிவிட்டாள் என்று எனக்கு வருத்தம். அவளுக்கு அது பழக்கம்தான் என்றார் மாமா.

அடுத்த மே மாதம் ஏரி மறுபடியும் வற்றியது. நல்லபடியாக ஒரு வருடம் போனதற்குப் பொங்கல் வைத்துவிட்டு வரலாம் என்று கிளம்பினோம். கரையிலிருந்து பார்க்கும்போதே நடு ஏரியில் புகை தெரிந்தது. கிட்டே போனால் கூட்டம். நாலைந்து அடுப்பு எரிகிறது. பெண்கள் குலவை போடுகிறார்கள். எங்கள் கல்லுக்குச் சிவப்புப் புடவை சுற்றியிருக்கிறது. துருப்பிடித்த எங்கள் சூலத்தில் எலுமிச்சம்பழமும் வளையலும் குலுங்குகிறது. ஒரு குழந்தை யாரோ ஒரு மாமன் மடியில் உட்கார்ந்து, நான் அழுத மாதிரியே அழுதுகொண்டிருக்கிறது.

முண்டாசு கட்டிய ஒருவர் எல்லாருக்கும் திருநீறு கொடுத்துக்கொண்டே விவரம் சொல்லிக்கொண்டிருந்தார். "ஏழு தலமொறையா எங்க ஆத்தா. ஊரு முழுவச்சொல்ல கூடவே முழுவிட்டா. போன வருசம் தண்ணி எறங்குனதும் சூலத்தோட மேல வந்துட்டா. மாடு மேய்க்கிற பசங்க பாத்துட்டு வந்து சொன்னானுங்க. எங்கெங்கியோ போயிட்ட சனம் எல்லாம் இப்ப தேடிக்கினு வர்து."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. முதல் மொட்டை என்னுடையது! சூலம் எங்கள் அப்பாவுடையது! ஏழு தலைமுறையாம், பொய்! அந்த மஞ்சளுக்கு அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கல்லவா தெரியும்? இப்போது எனக்கு இன்னும் நன்றாகவே படிக்க வரும். நான் கூட்டத்துக்கு முன்னால் போய் வாயைத் திறந்தேன்.

அப்பாவின் கை வந்து என் வாயை மூடியது. இரும்பு பிடித்துக் காய்ப்பேறிய கை, மூக்கையும் சேர்த்து மூடிவிட்டது. அந்தக் கை நடுங்கிக்கொண்டிருந்தது. மாமா சிரிப்பை அடக்கத் துண்டைக் கடித்துக்கொண்டிருந்தார். அப்பா அவரையும் முறைத்தார். என்னை இழுத்துக்கொண்டு போய்த் திருநீறு வாங்குகிற வரிசையில், எல்லாருக்கும் கடைசியில், செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். எங்கள் சாமிக்கு நாங்களே கடைசி!

எங்கள் முறை வந்தது. முண்டாசுக்காரர் அப்பா நெற்றியில் திருநீறு பூசிவிட்டு, "புதுசா கீறீங்களே, எந்த ஊரு நீங்க?" என்று கேட்டார்.

"இந்த ஊருதான்" என்றார் அப்பா.

அவர் கேள்விமேல் கேள்வி கேட்டார். அப்பா தன் தாத்தாவின் பெயரைச் சொன்னார். முண்டாசுக்காரர் கண்ணை இடுக்கி யோசித்தார். அவருக்கு அப்படி ஒரு பெயர் ஞாபகத்தில் இல்லை. "இருக்கும், இருக்கும். நம்ம ஆளுங்கதான். உக்காருங்க, துன்னுட்டுதான் போவணும்" என்று அப்பாவின் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். யாரோ ஒரு அக்கா எங்களுக்கு இலை போட்டார். அப்பா பக்கத்து இலைக்காரரிடம் பேச ஆரம்பித்தார். எந்தக் கம்பெனி, எத்தனை பிள்ளைகள், ஊரை விட்டு எப்போது வெளியே வந்தார்கள் என்று ஒரே பேச்சு. எங்கள் தெருவில் யாரிடமும் அப்பா அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை. கிளம்பும்போது ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் போய், "வரேன், வரேன்" என்று சொல்லிக்கொண்டார். அடுத்த வருடப் பொங்கலுக்கு அரிசி தன்னுடையது என்று முண்டாசுக்காரரிடம் கையடித்தும் கொடுத்தார்.

வேனில் திரும்பி வரும்போது நான் அம்மாவிடம் சத்தமாகவே சொன்னேன், அப்பா காதிலும் விழட்டும் என்றுதான். அது நம்ம கல்லு என்று சொல்ல அப்பாவுக்குத் தைரியம் இல்லை, அத்தனை பேரைப் பார்த்ததும் பயந்துவிட்டார், கை எப்படி நடுங்கியது தெரியுமா என்று சொன்னேன். முன்னால் உட்கார்ந்திருந்த அப்பா திரும்பிப் பார்த்து, "ஆமாண்டா, பயந்துட்டேன்" என்று சொல்லிச் சிரித்தார். நான் அதை அப்படியே நம்பினேன்.